கோடை விடுமுறையில் பிள்ளைகள் கையில் எந்தப் புத்தகம்?

வானொலி மறையுரை – பாஸ்கா காலம் மூன்றாம் வாரம், வியாழன்
(திருத்தூதர் பணிகள் 8:26-40; யோவான் 6:44-51)



இன்றைய முதல் வாசகத்தில் ஒரு மனிதர் தேரில் போய்க்கொண்டே வாசிக்கிறார். எருசலேமிலிருந்து காசாவுக்குச் செல்லும் பாலைநிலப் பாதை. அவர் எத்தியோப்பிய அரசியின் கருவூலத்துக்குப் பொறுப்பாளர். கையில் இறைவாக்கினர் எசாயாவின் ஏட்டுச்சுருள். அந்தக் காலத்தில் வாய்விட்டு வாசிப்பதே வழக்கம். அதனால்தான் தேரின் பக்கத்தில் ஓடிவந்த பிலிப்பின் காதில் அது விழுகிறது. வாசிப்பது விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்கிறார். யாராவது சொல்லித் தராவிட்டால் எப்படி விளங்கும் என்கிறார் அந்த அதிகாரி. தேரில் ஏறித் தம்முடன் உட்காரும்படி அழைக்கிறார். பிலிப்பும் ஏறி உட்காருகிறார்.

ஆண்டுதோறும் பாஸ்கா மூன்றாம் வாரத்தில் திருஅவை இந்த வாசகத்தை நமக்குத் தருகிறது. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் தேர்வு முடித்துக் கதவடைக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான். ஆகவே இன்று நம் வளரிளம் பிள்ளைகளின் விடுமுறை வாசிப்பைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

இந்த நாள்களில் பங்கு இல்லத்துக்கு வரும் தாய்மார் பலர் கேட்பது ஒன்றுதான். "சாமி, பையன் பத்தாவது எழுதிட்டு வீட்ல சும்மா கெடக்கான். எந்நேரமும் போன்தான். நல்ல கிறிஸ்தவப் புத்தகம் ஒண்ணு சொல்லுங்க, வாங்கிக் குடுத்துடுறேன்." நல்ல கேள்வி. ஆனால் அதன் கடைசிச் சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது: வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பதுபோலப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாயிடம் நாங்கள் திருப்பிக் கேட்பதுண்டு: "அம்மா, நீங்கள் கடைசியாக வாசித்த புத்தகம் எது?" சிரித்துக்கொண்டே முந்தானையைச் சரிசெய்வார்கள். தந்தையரைக் கேட்டால் சிரிப்பும் வராது.

(நீட் பயிற்சிக்கும் சிறப்பு வகுப்புக்கும் மே மாதம் முழுவதையும் கொடுத்துவிட்ட பிள்ளைகளுக்கு விடுமுறையே இல்லை. அதைப் பற்றி வேறொரு நாளில் பேச வேண்டும். சும்மா இருக்கக் கிடைத்த பிள்ளைகளைப் பற்றியே இன்று பேசுகிறோம்.)

புனித அவிலா தெரேசாவின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம். அவருடைய தாய்க்கு வீரர்களும் காதலும் நிறைந்த அக்காலக் கதைப் புத்தகங்கள் என்றால் உயிர். தந்தைக்கு அவை பிடிக்காது. சிறுமி தெரேசா தாயைப் பார்த்துப் பழகி, தந்தைக்குத் தெரியாமல் இரவும் பகலும் அவற்றில் மூழ்கிக் கிடந்தார். புதிய புத்தகம் கையில் இல்லையென்றால் மனம் நிலைகொள்ளாதாம். இந்தப் பழக்கத்தால் தம் ஆன்மீக ஆர்வம் குளிர்ந்துபோனது என்று அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆகவே எதை வாசித்தாலும் ஒன்றுதான் என்று நாம் சொல்லவில்லை. தந்தையின் வெறுப்பு அந்தப் பழக்கத்தை நிறுத்தவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அது மகளை ஒளித்து வாசிக்கப் பழக்கியது, அவ்வளவுதான்.

திருப்பம் வேறொருவர் வழியாக வந்தது. தெரேசாவின் தந்தைக்கு ஒரு சகோதரர் இருந்தார், பேத்ரோ என்று பெயர். மனைவியை இழந்தவர், இறைப்பற்று மிக்கவர், நல்ல நூல்களைச் சேர்த்து வைத்திருந்தவர். நோயுற்றிருந்த தெரேசா வழியில் அவர் வீட்டில் சில நாள் தங்கினார். அவர் தெரேசாவிடம் புத்தகத்தைக் கொடுத்துத் தமக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். அந்தப் புத்தகங்கள் தமக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்றும், அவர் மனம் நோகக்கூடாதே என்று பிடித்ததுபோல் காட்டிக்கொண்டதாகவும் தெரேசா ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். ஒருவருக்காக வாசித்தவை மெல்ல மெல்ல உள்ளே இறங்கின. பின்னர் அதே உறவினர் கொடுத்த ஒசூனாவின் செப நூல் அவருக்கு உள்ளத்தின் கதவைத் திறந்தது. திருஅவையின் மறைவல்லுநராக 1970-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஒரு பெண்ணின் தொடக்கத்தில், கூட உட்கார்ந்து கேட்ட ஓர் உறவினர் இருக்கிறார்.

அந்தச் சங்கிலி அதோடு அறுந்துவிடவில்லை. 1921-ஆம் ஆண்டு கோடையில், ஜெர்மனியின் பெர்க்சாபெர்ன் ஊரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்த எடித் ஸ்டெயின் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். தெரேசாவின் வாழ்க்கை வரலாறு. யூதக் குடும்பத்தில் பிறந்தவர், சிறுவயதிலேயே செபத்தைக் கைவிட்டவர், மெய்யியல் கற்றவர். விடியும் வரை வாசித்து முடித்தார். 1922 சனவரி முதல் நாள் திருமுழுக்குப் பெற்றார். கார்மேல் சபையில் சேர்ந்து, 1942 ஆகஸ்டு 9 அன்று ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். 1998-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

பெற்றோரே, இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எடித்தின் தாய் ஆழ்ந்த இறைப்பற்றுள்ள யூதப் பெண்மணி. மகளின் முடிவைக் கேட்டு அழுதார். நம்மில் பலர் நல்ல புத்தகம் கேட்பது எதற்காக? பிள்ளை சொன்னதைக் கேட்க வேண்டும், எதிர்த்துப் பேசக்கூடாது, மதிப்பெண் வாங்க வேண்டும் என்பதற்காக. கிறிஸ்தவப் புத்தகம் அந்த வேலைக்கு ஏற்றதன்று. உண்மையான புத்தகம் ஒன்று உங்கள் மகன் கையில் சிக்கினால், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு நாம் ஏன் தனித் தம்ளர் வைத்திருக்கிறோம் என்று அவன் கேட்கக்கூடும். எங்கள் பங்கில் ஒரு பையன் அப்படித்தான் கேட்டான். தந்தைக்குக் கோபம் வந்தது, "இதெல்லாம் எந்தப் புத்தகத்தில படிச்ச?" என்றார். நற்செய்தி நூலில்தான் படித்திருந்தான்.

இனித் தெரிவு செய்வதைப் பற்றிப் பேசுவோம். எந்த அளவுகோலை வைத்துக்கொள்வது? புனித இஞ்ஞாசியார் ஒன்று தருகிறார்.

1521 மே 20 அன்று பாம்ப்ளோனா கோட்டையைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. லொயோலாவில் உள்ள குடும்ப மாளிகையில் மாதக்கணக்கில் படுக்கை. பொழுது போகாமல் வீரக்கதைப் புத்தகங்களைக் கேட்டார். வீட்டில் அவை இல்லை. இருந்தவை இரண்டுதான்: சாக்சனி லுடோல்ப் எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கை ஒன்று, புனிதர்களின் வரலாறு ஒன்று. வேறு வழியின்றி வாசித்தார். வாசிக்காத நேரத்தில் தம் மனத்துக்குப் பிடித்த ஓர் உயர்குலப் பெண்ணையும், அவளுக்காகத் தாம் செய்யப்போகும் வீரச் செயல்களையும் நினைத்து மணிக்கணக்கில் கனவு கண்டார். பிரான்சிஸ்கும் தோமினிக்கும் செய்ததை நாமும் செய்தால் என்ன என்றும் கனவு கண்டார். காணும்போது இரண்டு கனவுமே இனித்தன. முடிந்த பிறகு முதலாவது அவரை வறட்சியில் விட்டுச் சென்றது. இரண்டாவதன் மகிழ்ச்சி தங்கியது. ஒருநாள் இந்த வேறுபாடு அவர் கண்ணில் பட்டது. ஆன்மீகத் தெளிந்து தேர்தல் என்று அவர் பின்னாளில் உலகுக்குக் கற்பித்தது இந்தப் படுக்கையில் தொடங்கியது.

ஆகவே புத்தகத்தை மூடிய பிறகு என்ன தங்குகிறது என்று பிள்ளையிடம் கேட்கலாம். கதைச் சுருக்கம் கேட்டால் அது தேர்வு. "படிச்சு முடிச்சப்ப எப்படி இருந்துச்சு? மறுநாள் காலையில அதுல எது ஞாபகம் வந்துச்சு?" என்று கேட்டால் அது உரையாடல். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதற்குப் பதில் சொல்லத் தெரியும். செல்பேசியில் இரண்டு மணி நேரம் ரீல்ஸ் பார்த்து முடித்தபின் எப்படி இருந்தது என்றும் அதே மூச்சில் கேட்கலாம். திட்டத் தேவையில்லை; அவனே ஒப்பிட்டுப் பார்ப்பான்.

ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் கடக்க மனமில்லை. இஞ்ஞாசியார் வாசித்த புனிதர் வரலாற்றின் ஸ்பானியப் பதிப்பு 'ஃப்ளோஸ் சாங்தோரும்', அதாவது புனிதர்களின் மலர்கள், என்ற பெயரால் வழங்கியது. அவருடைய சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழ் கற்று, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலை அச்சிட்டார். பின்னர் 1586-இல் அதே ஃப்ளோஸ் சாங்தோரும் என்ற பெயரில் புனிதர்களின் வரலாற்றைத் தமிழில் அச்சிட்டார். லொயோலா படுக்கைக்கும் நம் கடற்கரைக்கும் இடையே அறுபத்தைந்து ஆண்டுகள்தாம். நம் முன்னோர் கையில் கிடைத்த முதல் அச்சுப் புத்தகங்களில் ஒன்று புனிதர் வரலாறு என்பதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும். அச்சுத் தமிழின் தொடக்கமே நம் வீட்டுச் செய்தி.

ஆனால் ஒரு கேள்வி எழும். அந்தக் காலத்துப் புனிதர் வரலாறுகளில் கட்டுக்கதைகள் ஏராளம். புனித நிக்கோலாஸ் கைக்குழந்தையாக இருக்கையிலேயே புதனும் வெள்ளியும் ஒருமுறைதான் தாய்ப்பால் குடித்தாராம், அவ்வளவு நோன்பு! உறுதிபூசுதல் வகுப்பில் ஒரு மாணவன் இதை வாசித்துவிட்டு, "சாமி, இது நெசமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவன் அடுத்துக் கேட்கப்போவது, இது பொய்யென்றால் உயிர்ப்பும் பொய்யா என்பது. நிக்கோலாஸின் பாலைப் பற்றிய கேள்வி விளையாட்டு. உயிர்ப்பைப் பற்றியது வாழ்வா சாவா என்பது. இரண்டையும் ஒரே தட்டில், ஒரே குரலில் பரிமாறும் புத்தகத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பவர், அவன் ஒன்றைத் துப்பும்போது மற்றதையும் சேர்த்துத் துப்புவான் என்பதை அறிந்திருக்க வேண்டும். இஞ்ஞாசியார் காலத்து வாசகர் அக்கதைகளைக் கேட்ட விதம் வேறு. இன்றைய பிள்ளை பாதிப் பக்கத்தில் நிறுத்திவிட்டுச் செல்பேசியில் சரிபார்க்கிறான். மரபுக்கதையை மரபுக்கதை என்று சொல்லிக் கொடுத்தால் ஒரு குறையும் இல்லை. அதை வரலாறாக விற்கும் புத்தகத்தை வாங்காதீர்கள்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசா சாவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, அன்னை மரியாவைப் பற்றிய மறையுரைகள் நடக்க முடியாதவற்றைச் சொல்லி நம்மை அவரிடமிருந்து தூரமாக்குகின்றன என்றும், நம்மைப்போல் விசுவாசத்தால் வாழ்ந்தவராக அவரைக் காட்ட வேண்டும் என்றும் தம் சகோதரிகளிடம் சொன்னார். அவருக்கே என்ன நேர்ந்தது பாருங்கள். 1898-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றை அவருடைய அக்காள் நிறையவே திருத்தி மெருகேற்றியிருந்தார். அவர் எழுதிய கையெழுத்துப் படிகள் உள்ளபடியே வெளிவந்தது 1956-இல்தான். மெருகு நீங்கிய அந்தத் தெரேசா குறைந்துபோய்விடவில்லை. முன்னிலும் அருகில் வந்தார்.

அண்மையில் புனிதரான கார்லோ அக்குதிஸ் பற்றி இப்போது பல சிறு நூல்கள் வந்திருக்கின்றன. 1991-இல் பிறந்து, 2006-இல் பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்து, 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டவர். கணினி தெரிந்தவர், நற்கருணை மேல் பேரன்பு கொண்டவர். நம் பிள்ளைகளுக்கு நெருக்கமானவர்தான். ஆனால் எல்லாப் பக்கத்திலும் புன்னகைக்கும் மெழுகுப் பொம்மையாக அவரைக் காட்டும் புத்தகமும் உண்டு. கடையிலேயே நான்கு பக்கம் வாசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தப் பையனுக்குக் கோபமோ சோர்வோ வந்த இடம் ஒன்றாவது இருக்கிறதா?

பயமுறுத்தும் நூல்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூன்று நாள் இருள், உலகம் முடியும் ஆண்டு, இந்தச் செபத்தை ஒன்பது படி எடுத்துக் கோவிலில் வைக்காவிட்டால் தீங்கு வரும் என்கிற துண்டுத்தாள். பெஞ்சில் கிடந்தால் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடுங்கள், ஒன்றும் நேராது.

மறைக்கல்வி சார்ந்த நூல் என்றால் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். மறைக்கல்வி நூல்களுக்கு ஆயரின் ஒப்புதல் வேண்டும் என்பது திருஅவைச் சட்டம். 'இம்ப்ரிமாத்தூர்' என்றால் அச்சிடலாம் என்று பொருள். விசுவாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் மாறானது அதில் இல்லை என்பதற்கு அது உறுதி. சுவையான நூல் என்று ஆயர் சான்று தருவதில்லை. அதை நாமே பார்க்க வேண்டும். திருவிவிலியம் வாங்கும்போது நம் 73 நூல்களும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தோபித்து, யூதித்து, மக்கபேயர் நூல்கள் பொருளடக்கத்தில் இருந்தால் சரி.

பிற திருஅவையினர் எழுதியவற்றைக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' தமிழ் வீடுகளில் தலைமுறைகளாக இருந்துவரும் புத்தகம். 1678-இல் வெளிவந்தது, சிறைப்பட்ட ஒரு போதகர் எழுதியது. அதைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். பனியனின் ஆங்கில மூலத்தில் திருத்தந்தையை ஒரு கிழ அரக்கனாக்கி, குகை வாயிலில் உட்கார வைத்திருப்பார். அதற்காகப் புத்தகத்தைப் பிடுங்க வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்தார்கள் என்று பேச அது ஒரு வாய்ப்பு. அந்த அரக்கன் வரும் பக்கத்தில் நாம் பிள்ளையின் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே.

கிறிஸ்தவப் பெயர் தாங்காத நூல்களும் உண்டு. மகன் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தில் இருக்கிறான், அதைப் பிடுங்கிப் புனிதர் வரலாறு கொடுக்கலாமா என்று ஒரு தந்தை கேட்டார். வேண்டாம். இன்னும் மூன்று பாகம் இருக்கிறது, வாசிக்கட்டும். நான்காம் நூற்றாண்டில் புனித பெரிய பசிலியார், கிரேக்க இலக்கியம் பயிலும் இளைஞருக்கென்றே ஓர் உரை எழுதினார். தேனீயை எடுத்துக்காட்டாகக் கொண்டார். தேனீ எல்லாப் பூவிலும் உட்காருவதில்லை. உட்கார்ந்த பூவையும் முழுதாகத் தூக்கிக்கொண்டு போவதில்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இலக்கியத்தைப் பற்றி 2024 சூலை 17 அன்று ஒரு மடல் எழுதினார். அதில் தம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறார். 1964-65-இல், இருபத்தெட்டு வயதில், அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகரில் இயேசு சபைப் பள்ளியொன்றில் இலக்கிய ஆசிரியராக இருந்தார். பாடத்திட்டப்படி 'எல் சித்' என்ற பழைய காவியத்தை நடத்த வேண்டும். மாணவர்களுக்கோ அது கசந்தது. கார்சியா லோர்காவைப் படிக்க ஆசை. அவர் என்ன செய்தார்? பழைய காவியத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வகுப்பில் அவர்கள் விரும்பிய ஆசிரியர்களை நடத்தினார். கடமைக்காக வாசிப்பதைப்போல் வீணானது வேறில்லை என்பது அவர் கருத்து. விடுமுறை வெயிலில், ஆளரவமற்ற தெருவில், சலிப்போடு இருக்கும்போது கையில் கிடைக்கும் நல்ல புத்தகம் சோலைபோல் ஆகும் என்றும் அதே மடலில் எழுதுகிறார். நம் ஊர் மே மாதத்தைப் பார்த்தவர்போல் எழுதியிருக்கிறார்.

அப்படியானால் நாங்கள் எதைக் கொடுப்போம்? பிள்ளையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சாகசம் பிடிக்கும் பையனுக்குப் புனித சவேரியாரின் கடிதங்கள். நம் கடற்கரைச் சிறுவர்கள் செபம் கற்றுத் தரச் சொல்லி அவரைத் தூங்கவும் சாப்பிடவும் விடாமல் சூழ்ந்துகொண்டதை அவர் எழுதியிருக்கிறார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குப் போய், அன்பைவிட அறிவு மிகுந்த அறிஞர்களிடம் பைத்தியக்காரனைப்போல் கத்த வேண்டும் என்று தோன்றுவதாகவும் 1544-இல் எழுதினார். கல்லூரி வாசலில் நிற்கும் பிள்ளைக்கு இது சுருக்கென்று தைக்கும்.

ஒன்றும் பிடிக்கவில்லை என்று திரிகிற பிள்ளைக்குக் கர்தினால் வான் துவானின் 'நம்பிக்கையின் பாதை'. 1975-இல் வியட்நாமில் கைதாகிப் பதின்மூன்று ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர். அதில் ஒன்பது ஆண்டுகள் தனிமைச் சிறை. தொடக்கத்தில் காவலில் இருந்தபோது, காலைத் திருப்பலி முடிந்து போகும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டு, அம்மாவிடம் சொல்லிப் பழைய நாள்காட்டித் தாள்களை வாங்கி வரச் சொன்னார். இரவில் அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் தம் மக்களுக்கு எழுதினார். சிறுவன் வீட்டுக்கு எடுத்துச் செல்ல, அவனுடைய உடன்பிறப்புகள் படியெடுத்தார்கள். சின்னச் சின்னப் பத்திகள். பத்து நிமிடம் வாசித்து மூடி வைத்துவிடலாம்.

துன்பத்தில் இருக்கும் பிள்ளைக்கு எது? எங்கள் பங்கில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு தந்தையை இழந்தாள். நெடுநாள் நோய். உறவினர் ஒருவர் ஆறுதலுக்கென்று சிறுநூல் ஒன்று கொடுத்தார். துன்பமெல்லாம் நம் பாவத்துக்காகக் கடவுள் அனுப்புவது, முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள் என்று இருந்தது. அவள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கோவிலுக்கு வருவதும் நின்றது. அவளுடைய மறைக்கல்வி ஆசிரியை அவள் வீட்டுக்குப் போய், யோபு நூலைத் திறந்து, அவளோடு உட்கார்ந்து மாலை மாலையாக வாசித்தார். சில வாரங்கள் ஆயின. நண்பர்கள் மூவரும் வந்து, உன் பாவத்தால்தான் என்று யோபுவிடம் நீட்டி முழக்கும் அதிகாரங்களில் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்ததாம். கடைசி அதிகாரத்தில் ஆண்டவர் அந்த நண்பர்கள்மேல் சினம் கொண்டு, யோபுதான் என்னைப் பற்றிச் சரியாகப் பேசினான் என்று சொல்லும் இடம் வந்ததும், புத்தகத்தைப் பிடுங்கி அவளே இருமுறை வாசித்தாளாம். பிறகு எங்களிடம் வந்து, "சாமி, அப்ப கடவுளைக் கேள்வி கேக்கலாமா?" என்றாள். கேட்கலாம் என்றோம். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். கோவிலில் இருந்துகொண்டு கேட்கிறாள்.

நம் மண்ணின் புனிதர் தேவசகாயத்தின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. உடைமை இழந்து மனமுடைந்திருந்த அந்த அரண்மனை அலுவலருக்கு, குளச்சல் போரில் சிறைப்பட்டுத் திருவிதாங்கூர்ப் படையில் பணியாற்றிய டிலனாய் சொன்னது யோபுவின் கதை. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. டிலனாய் புத்தகம் அனுப்பி வைக்கவில்லை. நண்பனின் முகத்தைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். பக்கத்தில் இருந்து சொன்னார்.

இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு, எல்லாரும் கடவுளாலேயே கற்பிக்கப்படுவார்கள் என்னும் இறைவாக்கை நினைவூட்டுகிறார். கற்பிப்பவர் தந்தை. ஆகவே நாம் ஏறி உட்காருவது பாடம் நடத்துவதற்காக அன்று. முதல் வாசகத்தின் முடிவையும் பாருங்கள். திருமுழுக்கு முடிந்ததும் தூய ஆவியார் பிலிப்பைக் கொண்டுபோய்விடுகிறார். அந்த அதிகாரி அவரைத் தேடிக்கொண்டு நிற்கவில்லை. மகிழ்ச்சியோடு தம் வழியே போகிறார். பெற்றோருக்கு ஏறி உட்காருவதைவிடக் கடினமானது இறங்குவது. பிள்ளை தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கும் பக்கங்களும் இருக்கும். அங்கே நமக்கு வேலையில்லை.

எங்கே தொடங்குவது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். மே மாதம் அன்னை மரியாவின் மாதம்; பல வீடுகளில் மாலையில் குடும்பமாகச் செபமாலை சொல்கிறோம். அது முடிந்ததும் தோபித்து நூலை எடுங்கள். 14 அதிகாரங்கள், மாலைக்கு ஒன்றாகப் பதினான்கு நாள். பார்வை இழந்த தந்தை, ஆட்டுக்குட்டிக்காக நடக்கும் கணவன்-மனைவி சண்டை, கொடுத்து வைத்த பணத்தை வாங்கி வரத் தூரதேசம் புறப்படும் மகன், அவன் திரும்பி வருகிறானா என்று வழியையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய், யாரென்று தெரியாமல் கூடவே நடந்து வரும் வானதூதர். ஆளுக்கொரு நாள் வாய்விட்டு வாசியுங்கள்; வாசிக்கத் தயங்கும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள், கேட்டால் போதும். அந்தப் பையனோடு ஒரு நாயும் போகிறது. நூலில் இரண்டே இடத்தில்தான் வரும். எந்த அதிகாரங்களில் என்று வீட்டின் கடைக்குட்டி கண்டுபிடிக்கட்டும்.